தம்பி மனைவி என்பதால் வந்த பெயரா?

கேள்வி: இம்ப்ரஷனிச ஓவியர் பெர்த் மொரிசோவைப் பெரிதாகப் பேசுகிறீர்கள். பிரபல பிரெஞ்சு ஓவியர் எடுவார் மானேயின் தம்பி மனைவி என்பதால் கிடைத்த பெயர்தானே அது? வரைந்ததும் தொட்டில், குழந்தை, தோட்டம் என்று வீட்டோடு நின்றுவிட்டதே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் வருடங்களைப் பாருங்கள். நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் பெரிய ஓவியக் கண்காட்சியான பாரிஸ் சலோனில் மொரிசோவின் ஓவியங்கள் இடம்பெற்றது 1864இல், அவருடைய 23ஆம் வயதில். மானேயைச் சந்தித்தது 1868இல். தம்பி யூஜினைக் கல்யாணம் செய்துகொண்டது 1874 டிசம்பரில். அதற்கு எட்டு மாதம் முன்பே, கணநேர ஒளியையும் நிறத்தையும் வேகமான தீற்றல்களில் பிடித்த இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சியில் மோனே, ரென்வார், டெகாவோடு அவர் படங்களும் இருந்தன. போக வேண்டாம் என்று அவரைத் தடுத்துப் பார்த்தவரே மானேதான்! மொரிசோ கேட்கவில்லை. மொத்தம் நடந்த எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் கலந்துகொண்டார். மகள் ஜூலி பிறந்ததையொட்டி 1879ஆம் வருடத்தியது மட்டும் விட்டுப்போயிற்று.

மானேயின் உதவி எப்படிப்பட்டது என்றும் சொல்கிறேன். தன் அம்மாவும் அக்கா எட்மாவும் அமர்ந்திருக்கும் படம் ஒன்றை மொரிசோ 1870 சலோனுக்காக வரைந்துவிட்டு மானேயிடம் கருத்துக் கேட்டார். வந்தவர் தூரிகையையே கையில் எடுத்துவிட்டார். அம்மாவின் பாவாடையில் ஆரம்பித்து மார்பு, முகம், பின்னணி என்று போய்க்கொண்டே இருந்தார். படத்தை ஏற்றிப்போக வண்டிக்காரர் காத்துக்கொண்டிருந்ததால் அப்படியே அனுப்ப வேண்டியதாயிற்று. சலோன் அதை நிராகரித்துவிட்டால் தேவலை என்று நினைக்கும் அளவுக்கு மொரிசோ நொந்துபோனார். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தில், அம்மாவின் கறுப்பு உடையில் விழுந்த அழுத்தமான தீற்றல்கள் வேறொருவர் கை என்று இன்றும் தெரிகிறது.

வீட்டை ஏன் வரைந்தார்? அரசின் ஓவியப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897இல்தான். அவர் 1895லேயே இறந்துவிட்டார். மானேயும் டெகாவும் கூடிப் பேசிய கஃபேக்குள் அவரைப் போன்ற குடும்பத்துப் பெண் காலெடுத்து வைக்க முடியாது. இருந்த இடத்திலிருந்து அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. 1872இல் வரைந்த 'தொட்டில்' படத்தில் வலைத்துணியைக் கவனியுங்கள். வெள்ளை, சாம்பல், நீலம் என்று அவசரமாக இழுத்த கோடுகள். அவற்றுக்குப் பின்னால் தூங்கும் குழந்தையின் முகம் பாதி கரைந்து தெரிகிறது. தாயின் மடங்கிய கையும் பிள்ளையின் மடங்கிய கையும் ஒரே வாக்கில் இருக்கின்றன. அந்தத் தாய், எட்மா. தங்கையோடு சேர்ந்து ஓவியம் படித்து, சலோனில் காட்சிக்கும் வைத்து, கல்யாணத்தோடு தூரிகையைக் கீழே வைத்தவர். இதை அறிந்தபின் அந்த முகத்திலுள்ள அயர்ச்சியை வெறும் தாய்ப்பாசம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

நீங்கள் சொன்னதையே பிரெஞ்சு அரசின் குமாஸ்தாவும் எழுதினார். இறப்புப் பதிவில் 'தொழில் எதுவுமில்லை'. கல்லறையில் 'யூஜின் மானேயின் விதவை'. மறு வருடம் டெகா, மோனே, ரென்வார், கவிஞர் மலார்மே நால்வரும் முன்னின்று அவருடைய ஏறக்குறைய 400 படைப்புகளை பாரிஸில் காட்சிக்கு வைத்தார்கள். எழுத்தரை நம்புவதா, கூட வரைந்தவர்களை நம்புவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.