கஞ்சியை நீர்க்கக் கொடுத்தால் எடை கூடாது

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தேன். இப்போது கஞ்சி மாவை நீர்க்கக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, தினம் இரண்டு வேளை 200 மி.லி. கொடுக்கிறேன். ஸ்பூனில் ஊட்டினால் நாக்கால் தள்ளுகிறாள், சில நேரம் ஓங்கரிக்கிறாள். போன மாதம் 100 கிராம்தான் எடை கூடியிருக்கிறது. பசும்பால் சேர்க்கலாமா? முட்டை எப்போது தரலாம்?

பதில்: முதலில் அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிப்பிள் துளையில் கஞ்சி இறங்க வேண்டுமானால் 200 மி.லி. தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மாவுக்கு மேல் போட முடியாது. அது சுமார் 10 கிராம், 35 கலோரி. அதே 200 மி.லி. தாய்ப்பாலில் 130 கலோரி அளவுக்கு இருக்கிறது. இந்த வயதில் வயிறு கொள்ளும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 30 மி.லி.தான். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு பாட்டில் கஞ்சியிலேயே வயிறு முட்டிவிடும். அதன்பின் தாய்ப்பாலும் சரியாகக் குடிக்காது. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. உங்கள் மகளின் எடை தேங்குவதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே பாட்டில் கஞ்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு பருப்பு எடுத்துக் குழைய வேகவையுங்கள். மிக்ஸியில் அடிக்காமல் ஸ்பூனின் பின்புறத்தால் மசியுங்கள். மிக்ஸி சுற்றுவதற்காக ஊற்றும் தண்ணீரே உணவை மறுபடி நீர்க்கச் செய்துவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது வெண்ணெய் சேருங்கள். அதிலேயே 40 கலோரி வரை கிடைக்கும். பதத்தைப் பார்க்க ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வழிந்து ஓடக் கூடாது, கட்டியாக மெல்ல நழுவி விழ வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும். அப்போது தண்ணீர் ஊற்றாமல், பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை ஒன்றிரண்டு ஸ்பூன் விட்டுத் தளர்த்துங்கள்.

வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டு மாதம் முடிவதற்குள் 250 மி.லி. கிண்ணத்தில் பாதி அளவுக்குக் கொண்டுவரலாம். இப்போது நாளைக்கு இரண்டு மூன்று வேளை போதும். ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையும், இடையில் ஒன்றிரண்டு சிறு தீனியும் தேவை. தாய்ப்பாலைக் குறைக்காதீர்கள். பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஊட்டுங்கள். கடும் பசியில் இருக்கும் குழந்தை ஸ்பூனைக் கண்டால் அழும், வயிறு நிறைந்திருந்தால் வாயே திறக்காது.

நாக்கால் தள்ளுவதைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உறிஞ்சிப் பழகிய நாக்கு முன்னும் பின்னுமாகத்தான் போகும், உணவை உள்ளே ஒதுக்க அதற்குப் பழக்கம் வேண்டும். முதுகு நிமிர உட்காரவைத்து, ஸ்பூனைக் கீழுதட்டில் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். அவளாக வாய் திறந்ததும் நாக்கின் நடுவில் வைத்து, மேலுதடு மூடிய பிறகு நேராக வெளியே எடுங்கள். ஸ்பூனை மேல் ஈறில் வழித்துவிடுகிற வழக்கம் பலருக்கும் உண்டு. அப்படிச் செய்தால் உதட்டை மூடி எடுக்கக் குழந்தை கற்றுக்கொள்ளவே கற்றுக்கொள்ளாது. புது உணவு பிடித்துப்போக எட்டுப் பத்து முறைகூட ஆகலாம்.

ஓங்கரிப்பு பயமுறுத்தும், ஆனால் அது காப்பு. முகம் சிவந்து, சத்தத்தோடு இருமி, நாக்கை வெளியே நீட்டினால் மூச்சு போய்வருகிறது என்று அர்த்தம். பொறுத்திருங்கள், வாய்க்குள் விரலை விடாதீர்கள். சத்தமே வராமல், அழவும் இருமவும் முடியாமல், உதடு நீலமானால் அது மூச்சடைப்பு. உடனே அவசர உதவியை அழைக்கச் சொல்லிவிட்டு, முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை உள்ளங்கை அடிப்பாகத்தால் தட்டுங்கள். பிறகு மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு விலகும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது.

பசும்பாலைக் குடிக்கும் பாலாக ஒரு வயது வரை தராதீர்கள். அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது பிற உணவிலுள்ள இரும்பு சேர்வதையும் தடுக்கும், சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் உண்டாக்கும். பிறக்கும்போது சேமித்து வந்த இரும்பு ஆறு மாதத்தோடு தீர்ந்துகொண்டிருக்கும் நேரம் இது. சமையலில் கொஞ்சம் பால் சேர்வதாலோ தயிராலோ கெடுதல் இல்லை.

முட்டையை இப்போதே தொடங்கலாம், மஞ்சள் வெள்ளை இரண்டையும்தான். தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்ற பழைய எண்ணம் தவறு. நன்றாக வேகவைத்து, காலை வேளையில் கால் தேக்கரண்டி கொடுத்து, இரண்டு மணி நேரம் கவனியுங்கள். தடிப்பு, முகவீக்கம், தொடர் வாந்தி இருக்கிறதா என்று பாருங்கள். கடுமையான தோல் அழற்சி உள்ள குழந்தையானால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். முட்டை, இறைச்சி, மீன், பருப்பு இவற்றில் ஏதாவதொன்று தினமும் இருக்கட்டும். கூடவே வைட்டமின் சி உள்ள பழம் ஒரு துண்டு மசித்துக் கொடுத்தால் பருப்பிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் பொட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும், அவை வீட்டுச் சமையல் சூட்டில் சாகாது.

பாட்டிலை நிறுத்திய முதல் வாரம் அவள் சாப்பிடும் அளவு குறைவாகத் தெரியும். நான்கு மேசைக்கரண்டி கெட்டிச் சாதத்திலேயே பழைய பாட்டிலைவிடச் சத்து அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். இந்த வயதில் மாதம் 300 கிராம் அளவுக்குக் கூட வேண்டும். எனவே வளர்ச்சி அட்டையோடு இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இரும்புச் சொட்டு மருந்து தேவையா என்றும் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே எடைக்கருவியில், அதே அளவு உடையோடு மறுபடி எடை பாருங்கள். அதற்கிடையே சிறுநீர் குறைந்தாலோ, சோர்ந்து துவண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.