நான்காவது டவுனில் கோச் ஏன் கிக்கரை அனுப்புவதில்லை?

கேள்வி: என் மகன் நியூ ஜெர்சியில் பதினோராம் வகுப்பு படிக்கிறான். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கர், பந்தை உதைப்பதற்கென்றே இருக்கிறவன். 47 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவே அனுப்பிப் புள்ளி எடுப்பது) அடித்திருக்கிறான். கல்லூரியிலும் ஆட ஆசைப்படுகிறான். ஆனால் சனிக்கிழமை டிவியில் கல்லூரி ஆட்டம் பார்த்தால், அடித்துவிடலாம் என்று எங்களுக்குத் தோன்றும் இடத்தில்கூட கோச்சுகள் கிக்கரை அனுப்பாமல் நான்காவது டவுனையும் ஆடச் சொல்கிறார்கள். கிக்கருக்கு இனி வேலையே இல்லையா? ஒரு ஏஜென்ட், பையனுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு வாங்கித் தருகிறேன், கோச்சுகள் வீடு தேடி வருவார்கள் என்று 3,500 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நான்காவது டவுன். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்காவதிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு.

பந்து எதிரணியின் 35 யார்டு கோட்டில், அதாவது அவர்கள் கோல் கோட்டுக்கு 35 யார்டு முன்னால் இருக்கிறது, அந்த 10-இல் இன்னும் 2 யார்டு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் பார்க்கிற நமக்கு 35 யார்டு கிக் என்று தோன்றும். போஸ்ட் நிற்பது கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கிற எண்ட் சோனின் கடைசியில், அது 10 யார்டு. கிக்கருக்காகப் பந்தைப் பிடித்து நிறுத்துகிற ஹோல்டர் அதை வாங்கி வைப்பது 7 யார்டு பின்னால். ஆக, 52 யார்டு கிக். தவறினால் எதிரணி அதே 35-இலிருந்து ஆடத் தொடங்கும். சரி, பன்ட் அடிக்கலாம், அதாவது பந்தைக் கையிலிருந்து விட்டுத் தூர உதைத்து எதிரணிக்கே கொடுத்துவிடலாம் என்றால், பந்து எண்ட் சோனுக்குள் போய்விட்டால் 20-க்குக் கொண்டுவந்து வைப்பார்கள். மொத்த லாபம் 15 யார்டு. ஆடிப் பார்த்துத் தோற்றாலும் கிக் தவறினால் வருகிற அதே நஷ்டம்தான். 2 யார்டு கிடைத்துவிட்டால் டச்டவுனுக்கே (பந்தோடு எண்ட் சோனுக்குள் போவது, ஃபீல்டு கோலைவிட அதிகப் புள்ளி) வழி திறக்கும். கோச் போடுகிற கணக்கு இவ்வளவுதான். பத்து வருடம் முன்பு பலர் இதைப் போடவில்லை, இப்போது போடுகிறார்கள்.

நீளக் கிக்கில் இன்னொரு பயமும் உண்டு. 2013 நவம்பர் 30, ஆபர்ன் ஊரில் அலபாமா, ஆபர்ன் கல்லூரி அணிகளின் ஆட்டம். 28–28, கடிகாரத்தில் ஒரே ஒரு வினாடி. அலபாமாவின் முக்கிய கிக்கர் கேட் ஃபாஸ்டர் அன்று அடித்த மூன்று ஃபீல்டு கோல்கள் உள்ளே போகவில்லை. அலபாமா கோச் நிக் சேபன், 57 யார்டு அடிக்க ஆடம் கிரிஃபித் என்ற இளம் பையனை அனுப்பினார். பந்து தூரம் பற்றாமல் விழுந்தது. எண்ட் சோனின் கடைசியில் நின்ற ஆபர்ன் ஆட்டக்காரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, களத்தின் மறுகோடி வரை ஓடி டச்டவுன் அடித்தார். 34–28, ஆபர்ன் வெற்றி. ஃபீல்டு கோல் அடிக்கும்போது களத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் தடுத்து நிற்கத் தெரிந்த பாரமான ஆட்கள். துரத்திப் பிடிக்க அவர்களால் ஆகாது. அன்றைக்கு அலபாமா ஆட்கள் ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள், பாவமாக இருக்கும்.

அதனால் கிக்கருக்கு வேலை போய்விடவில்லை. 'இந்த யார்டுக்குள் இவன் தவறமாட்டான்' என்று கோச் மனதில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைத் தள்ளி வைக்கிறவனுக்கு வேலை உண்டு. உங்கள் மகனின் 47-ஐ அந்தக் கண்ணால் பார்க்க வேண்டும், சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. பள்ளியில் இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவே 23 அடி 4 அங்குலம். கல்லூரியில் 18 அடி 6 அங்குலம். பள்ளியில் போஸ்ட்டை ஒட்டி உள்ளே போன கிக், கல்லூரியில் வெளியே.

அதைவிடப் பெரிய விஷயம், டீ, அதாவது பந்தை வைக்கிற சிறிய தாங்கி. பள்ளியில் ஃபீல்டு கோலுக்கு 2 அங்குல உயர டீமீது பந்தை வைக்கலாம். கல்லூரியில் 1989-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். பந்து தரையில்தான். என்னிடம் வருகிற பையன்களில் பாதிப் பேர், 'இல்லை அங்கிள், காலேஜிலும் டீ உண்டு, நான் பார்த்தேன்' என்று சாதிப்பார்கள். அவர்கள் பார்த்தது கிக் ஆஃப், ஆட்டத்தைத் தொடங்கவும் புள்ளி எடுத்த பிறகும் அடிக்கிற கிக். அந்த ஒன்றுக்கு மட்டும் டீ உண்டு, அதுவும் 1 அங்குலம்தான். பள்ளியில் அதற்கும் 2 அங்குலம். போதாததற்குப் பள்ளியில் தங்கள் பக்க 40 யார்டு கோட்டிலிருந்து அடிப்பார்கள், கல்லூரியில் 35-இலிருந்து. பள்ளியில் சரியாக கோல் கோட்டில் போய் விழுகிற கிக் ஆஃப், கல்லூரியில் 5 யார்டு முன்னாலேயே விழும். எதிராளி அதைச் சும்மா விடமாட்டான். மறுபடி சொல்கிறேன்: கிக் ஆஃபுக்கு டீ உண்டு, ஃபீல்டு கோலுக்குக் கிடையாது, டச்டவுனுக்குப் பிறகு அடிக்கிற ஒரு புள்ளி கிக்குக்கும் கிடையாது.

டீயில் பழகிய கால் தரையில் இருக்கும் பந்தை அடிக்கும்போது முதலில் புல்லை உரசும், அல்லது பந்தின் நடுவில் படும். பந்து தாழப் போய் முன்னால் நிற்பவன் கையில் அடிபடும். இது சரியாவதற்கு ஒரு சீசனாவது ஆகும். இன்றைக்கே டீயைப் பூட்டி வையுங்கள் என்று சொல்ல ஆசை, ஆனால் பள்ளி ஆட்டத்துக்கு அது வேண்டும். பயிற்சியிலாவது தரையிலிருந்து அடிக்கட்டும். கூடவே ஃபோனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, ஸ்னாப் (பந்தைப் பின்னால் ஹோல்டருக்கு எறிவது) கிளம்பியதிலிருந்து கால் பந்தில் படும்வரை எண்ணுங்கள். 1.3 வினாடிக்குள் இருக்க வேண்டும். 1.5 ஆனால் எவ்வளவு நன்றாக அடித்தாலும் தடுத்துவிடுவார்கள்.

இனி அந்த ஏஜென்ட். நட்சத்திரம் தருகிறவர்களும் பயிற்சி முகாம் நடத்துகிறவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள். முகாமுக்கு எத்தனை தடவை பணம் கட்டினீர்களோ அதற்கேற்ப நட்சத்திரம் ஏறும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இரண்டு வருடத்தில் நாலு முகாமுக்குப் பணம் கட்டியது. பையனுக்கு ஐந்து நட்சத்திரம் வந்தது, ஒரு கோச்சும் ஃபோன் செய்யவில்லை. ஸ்காலர்ஷிப் தொகையில் இத்தனை சதவீதம் தாருங்கள் என்று ஒருவர் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். விதிப்படி அது கூடாது, மகன் ஆடுகிற தகுதிக்கே ஆபத்து. பிரின்ஸ்டனில் ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்றால் அதுவும் பொய். பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை. நம்மவர்களிடம் ஐவி என்ற பெயரைச் சொன்னால் செக்புக் தானாக வெளியே வரும் என்று இவர்களுக்குத் தெரியும்.

கல்லூரிகள்மீதும் எனக்கு ஆத்திரம் உண்டு. ஆட்டத்தை முடித்து வைக்கிற கிக்கருக்குச் சொல்லித்தர பல அணிகளில் ஆளே இல்லை. இருந்தாலும், 2024 வரை பெரிய கல்லூரிகளில் கோச் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்குள் வராத ஒருவர் களத்தில் நின்று பையனுக்கு ஒரு வார்த்தை திருத்திச் சொல்லக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள்! இப்போது அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த இடி, 2025-இலிருந்து பெரும்பாலான பெரிய கல்லூரிகளில் அணிக்கு 105 பேருக்கு மேல் வைக்க முடியாது. முன்பு 85 ஸ்காலர்ஷிப் போக, சொந்தக் காசில் படித்தபடி ஆடிய பலர் இருந்தார்கள், 'வாக் ஆன்' என்பார்கள். கிக்கர்கள் பலர் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். அதனால் 'வாக் ஆன் ஆக வா, இடம் உண்டு' என்று ஒரு கோச் வாயால் சொன்னால், அந்த 105-இல் உண்டா என்று நேராகவே கேளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பணத்தை எதில் போடலாம்? கல்லூரிகள் கோடையில் தங்கள் மைதானத்திலேயே முகாம் நடத்துகின்றன. ஏஜென்ட் கேட்பதில் சிறு பங்குகூட ஆகாது, பார்ப்பவரும் அந்தக் கல்லூரியின் கோச்சே. மகனுக்குப் பிடித்த, மதிப்பெண் ஒத்துவருகிற மூன்று நான்கு கல்லூரிகள் போதும். ஃபீல்டு கோலோடு கிக் ஆஃபும் காட்டட்டும். பல அணிகளில் கிக் ஆஃபுக்கென்று தனியாக ஒருவன் இருக்கிறான், புதிதாக வருகிறவன் முதலில் நுழைகிற வாசல் அது.

வீடியோவைப் போஸ்ட்டுக்கு நேர் பின்னாலிருந்து எடுங்கள். தரையிலிருந்து, ஸ்னாப்பும் ஹோல்டரும் உண்டு என்று தெரியும்படி, தொடர்ச்சியாகப் பத்து கிக். பாட்டு போடாதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள். இரண்டு தவறினால் அந்த இரண்டும் இருக்கட்டும். எட்டு எந்தப் பக்கமாக உள்ளே போனது, அந்த இரண்டு எந்தப் பக்கம் போய்த் தவறியது என்றுதான் கோச் பார்ப்பார்.