நோட்டில் இருக்கும் சொல் எழுதும்போது வராதது பற்றி

தினமும் 30 ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதி மனப்பாடம் செய்கிறேன், படித்தால் புரிகிறது, அசைன்மென்ட் எழுத உட்கார்ந்தால் ஒன்றுகூட வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நினைவாற்றலில் குறை இல்லை. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, தேவைப்படும்போது தானாக வருவது வேறு. நீங்கள் முதலாவதை மட்டும்தான் பழகியிருக்கிறீர்கள்.

30 வேண்டாம், எட்டுப் பத்து போதும். நோட்டில் தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து, ஆங்கிலச் சொல்லை மறைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். தடுமாறினாலும் உடனே திறக்காதீர்கள். அந்தத் தேடல்தான் சொல்லைப் பதிய வைக்கிறது. மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அப்புறம் ஒரு வாரம் கழித்து.

இன்னொன்று, சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். தமிழில் பலத்த காற்று, பலத்த மழை இரண்டும் சொல்வோம். ஆங்கிலத்தில் காற்றுக்கு 'ஸ்ட்ராங்', மழைக்கு 'ஹெவி'. 'ஸ்ட்ராங் என்றால் பலத்த' என்று மட்டும் படித்தவர் 'ஸ்ட்ராங் ரெயின்' என்றுதான் எழுதுவார். நானும் பல காலம் அப்படித்தான் எழுதினேன். துணைச் சொல்லோடு சேர்த்து எழுத ஆரம்பித்த பிறகுதான் வாக்கியம் கைக்கு வந்தது.

எந்தச் சொற்கள் என்று குழம்பினால், மொழியியல் ஆய்வாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' இருக்கிறது. 570 சொற்குடும்பங்கள்தான், அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களை ஒன்றாக எண்ணிய தொகுதிகள். எந்தத் துறைப் பாடநூலிலும் திரும்பத் திரும்ப வருபவை. அதில் உங்கள் பாடநூலில் இந்த வாரம் கண்ணில் பட்டவற்றை மட்டும் முதலில் எடுங்கள்.