பதற்ற நோய்க்கு மசாஜ் உண்மையிலேயே உதவுமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?

உதவும். ஆனால் உதவுவது அந்த விரல் வித்தைதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சில வருடங்களாகப் பதற்றத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு, அவ்வப்போது மசாஜுக்கும் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2010-ல் வெளியான, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதற்ற நோய் இருந்த 68 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முறையான மசாஜ். இன்னொரு குழுவுக்குக் கை கால்களில் வெதுவெதுப்பான துண்டும் ஒத்தடமும். மூன்றாவது குழுவை யாரும் தொடவே இல்லை. மெல்லிய இசை, மங்கலான வெளிச்சம், சும்மா படுத்திருக்க வேண்டியதுதான். 12 வாரத்தில் 10 தடவை. கடைசியில் பார்த்தால் மூன்று குழுவுக்கும் பதற்றம் நன்றாகவே குறைந்திருந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவில்!

அப்படியானால் கை படுவதால் ஒன்றுமே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் தசைகளை அழுத்தித் தேய்க்கும் ஸ்வீடிஷ் மசாஜையும், அழுத்தாமல் கையை லேசாக வைத்து எடுப்பதையும் ஒப்பிட்டார்கள். வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். 2016-ல் வந்த முடிவில் மசாஜ் செய்தவர்களுக்குத்தான் பதற்றம் அதிகம் குறைந்திருந்தது. இரண்டுமே சின்ன ஆய்வுகள். 'கார்ட்டிசால் (மன அழுத்த ஹார்மோன்) மளமளவென்று இறங்கும்' என்று ஸ்பா விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த இறக்கம் மிக அற்பம் என்றுதான் தெரிந்தது.

என் அனுபவத்தில் முதலில் தெரிவது தாடை. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது அது தளரும்போதுதான் உறைக்கும். அப்புறம் காதுவரை ஏறி நின்ற தோள்கள் இறங்கும். கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடா என்று சத்தம் போடும். கூச்சப்பட ஒன்றுமில்லை. உடம்பு பயத்தை விட்டுவிட்டுச் செரிமானத்தைக் கவனிக்கப் போய்விட்டது என்பார் எனக்குச் செய்துவிடுபவர். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கழுத்துப் பக்கமே வருவார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் நன்றாக வரும். ஆனால் இரண்டொரு நாளில் பழைய கவலைகள் திரும்பிவிடும், அதையும் சொல்ல வேண்டும்.

திடீர்ப் படபடப்பு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். குப்புறப் படுத்து, மசாஜ் மேசையில் முகத்துக்கென்று இருக்கும் ஓட்டைக்குள் முகத்தை வைத்தால் சிலருக்கு மூச்சு முட்டுவது போல ஆகிவிடும். மல்லாந்தோ ஒருக்களித்தோ படுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழுத்தம் அதிகமானாலும், தொடுவது பிடிக்காவிட்டாலும் பாதியில் எழுந்து வரலாம். கொடுத்த காசுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் போனதே வீண். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

ஸ்பாவுக்கு வசதி இல்லையென்றால் விட்டுத்தள்ளுங்கள். மெதுவாக, நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் நன்றாகத் தூண்டப்படும் நரம்பிழைகள் நம் தோலில் இருக்கின்றன. முன்கையிலும் முதுகிலும் வீட்டில் ஒருவர் அவசரமில்லாமல் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாலே அவை விழித்துக்கொள்ளும். சியாட்டில்காரர்கள் கணக்குப்படி பார்த்தால், போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் சும்மா படுத்திருப்பதற்கும் பலன் உண்டு, செலவும் இல்லை.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் என் ஓட்டு மனநல ஆலோசகருக்குத்தான். சிபிடி என்கிற பேச்சு சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் உள்ள ஆதாரம் மசாஜுக்கு இன்னும் இல்லை. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும், அதனால் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள். அது அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம்.