அப்பாவின் பிரம்பையும் எழுதலாமா?

கேள்வி: என் அப்பா இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, பிறகு எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகப் பணியாற்றியவர். சென்ற ஆண்டு காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்கு அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட நினைக்கிறேன். போரைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது அவர் அங்கே இருந்தார் என்கிறார் சித்தப்பா. பீரோவில் உள்ள பதக்கத்தில் ‘பஸ்சிமி ஸ்டார்’ என்றிருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பச்மடி என்று ஓர் ஊர்ப்பெயர் வருகிறது, ஏனென்று தெரியவில்லை. அவரிடம் படித்தவர்களில் பலர் அவரைத் தெய்வம் என்கிறார்கள். சிலர் வாங்கிய அடியை இன்னும் மறக்கவில்லை. அடியைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது என்கிறார் அண்ணன். அப்பாவின் பாடக்குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். எங்கே தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய அந்தப் பக்கத்திலேயே தொடங்குங்கள்.

ஒன்பதாம் வகுப்பு, ஆயத்தொலைவு வடிவியல். பக்கம் முழுக்கச் சதுரக் கட்டங்கள். அவற்றுக்குள் பள்ளிக்கூடம், குளம், அரிசி ஆலை, பஸ் நிறுத்தம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆறு இலக்க எண். கீழே, ‘முதலில் கிழக்கு, பிறகு வடக்கு’ என்று அடிக்கோடிட்ட குறிப்பு. பாடநூலில் இப்படி இருக்காது. இது இராணுவ வரைபடம் படிக்கிற முறை. 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். ஆறு இலக்கத்தில் முதல் மூன்று கிழக்கு நோக்கியும் அடுத்த மூன்று வடக்கு நோக்கியும் எண்ணப்படும். அதைக் கொண்டு ஓர் இடத்தை நூறு மீட்டருக்குள் அடையாளம் காட்டிவிடலாம். போர்முனையில் உயிர் காக்கிற அந்தக் கணக்கைத்தான் உங்கள் அப்பா ஊர்ப் பிள்ளைகளுக்கு எக்ஸ் அச்சு, ஒய் அச்சாக்கித் தந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போரைப் பற்றி வீட்டில் பேசாதவர், இராணுவத்தில் கற்றதை வகுப்பில் தினமும் பேசியிருக்கிறார்.

பச்மடி மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. இராணுவக் கல்விப் படைப்பிரிவின் பயிற்சிக் கல்லூரியும் மையமும் அங்கேதான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவருடைய பிரிவும் பணியும் குறித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கல்விப் பிரிவு என்றிருந்தால், ஜவான்களுக்கு எழுத்தும் கணக்கும் வரைபடம் படிப்பதும் சொல்லிக்கொடுத்தவர் அவர். இராணுவத்தில் பதவி உயர்வுக்கே கல்விச் சான்றிதழ் கேட்பார்கள். அப்படியானால் ‘இராணுவ வீரர், பின்னர் ஆசிரியர்’ என்று அவர் வாழ்க்கையை இரண்டாக வெட்டாதீர்கள். சீருடையிலும் அவர் வாத்தியார்தான்.

சித்தப்பா சொல்லும் டாக்கா கதையில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். டிசம்பர் 16 அன்று சரணடைதல் நடந்த டாக்கா கிழக்கில். உங்கள் வீட்டுப் பதக்கமோ மேற்கைச் சொல்கிறது. சித்தப்பா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தன் அண்ணனான உங்கள் அப்பாமேல் உள்ள பெருமையில், கேட்ட கதையும் நடந்த கதையும் ஐம்பது வருடத்தில் ஒன்றாகிவிடும். ஆதாரம் கைக்கு வரும்வரை அதை அச்சில் ஏற்றாதீர்கள். அப்பாவின் படை எண்ணைக் குறிப்பிட்டு, அம்மா பெயரில் அவருடைய பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். பதில் தாமதமாகலாம் என்பதால் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

அவரிடம் படித்தவர்களைப் பார்க்கும்போது ‘சார் எப்படி?’ என்று கேட்காதீர்கள். ‘தங்கமான மனிதர்’ என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஒரு பத்திகூட எழுத முடியாது. வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார், கரும்பலகையில் எந்த மூலையிலிருந்து எழுதுவார், கணக்கு வராதவனை எங்கே உட்காரவைப்பார் என்று கேளுங்கள். கேட்கக் கேட்க அவர்களுக்கே ஞாபகம் வந்துகொண்டிருக்கும். அவர்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, பிரம்பு. எழுதுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன் முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் இருந்தவர். 1920 முதல் 1926 வரை அந்நாட்டுக் கிராமங்களில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிள்ளைகளுக்காகச் சொல் அகராதியே தொகுத்து வெளியிட்டார். கைநீட்டி அடிக்கவும் செய்தார். அவரிடம் அடிபட்ட ஒரு சிறுவன் மயங்கி விழுந்ததும் அந்த வேலையை விட்டார். சுமார் பத்து வருடம் கழித்துத் திரும்பிப் போய், அடிபட்டவர்களை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அவர் வரலாற்றை எழுதியவர்கள் அகராதியையும் எழுதினார்கள், அடியையும் எழுதினார்கள். அதனால் அவர் சிறுத்துப்போகவில்லை.

‘அந்தக் காலத்தில் எல்லோரும் அடித்தார்கள்’ என்று அப்பாவுக்காக வாதாடவும் வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது. வலித்தவர்கள் இருந்ததால்தான் சட்டம் வந்தது. அடிபட்டவர் ஒருவரைத் தேடிப்போய், அவர் சொல்வதை முழுதாகக் கேட்டு, அவர் சம்மதத்தோடு ஒரு பக்கம் கொடுங்கள். அவர் கோபமாகப் பேசினால் கோபமாகவே இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். அப்பாவைத் தெய்வம் என்று சொன்னவர்களையும் வாசகர் நம்புவது அதற்குப் பிறகுதான்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் கையெழுத்துப் பிரதியை முதலில் அம்மாவிடமும் பிறகு அண்ணனிடமும் காட்டுங்கள். ஊர், தேதி, பெயர் தவறாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அம்மா மனம் நோகிறது என்று எதையாவது எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். அவருக்கு அந்த உரிமை உண்டு. அண்ணன் பிரம்பை எடுக்கச் சொன்னால் மட்டும், அடிபட்டவர் சொன்னதை ஒருமுறை அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.