பயனாளியும் பங்காளியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஒரு நாட்டின் மூலதனத்தில் ஒவ்வொரு குடிமகனுக்கும் பிறப்பாலேயே ஒரு பங்கு இருக்க வேண்டும்' என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேர்ந்தபோது எங்கள் பிரிவில் நாற்பது பேர். நான் வெளியே வரும்போது ஆறு பேர். மற்றவர்களின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. லாபம் கூடியது, அதை நானே கூட்டிப் போட்டிருக்கிறேன். இருந்தாலும் உங்கள் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

இது பழைய பொதுவுடைமைதானே, சட்டைதானே வேறு? நல்ல சம்பளமும் ஒழுங்கான வரியும் இருந்தால் போதாதா, பங்கு எதற்கு? இதையெல்லாம் விட முக்கியமாக, எல்லோருக்கும் பங்கைக் கொடுத்தால் மறுநாளே விற்றுவிடுவார்கள். பத்து வருடத்தில் பழைய ஆட்களிடமே போய்ச் சேர்ந்துவிடும். மனிதர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். என் மகள் வேலை பார்க்கும் நிறுவனத்தில், சம்பள உயர்வுக்குப் பதிலாகப் பங்கு தருகிறோம் என்கிறார்களாம். நீங்கள் சொல்வது இதுதானா? வாங்கிக்கொள்ளச் சொல்லட்டுமா?

— ரா.

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

நான் ஐந்து பக்கம் எழுதியதை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். 'லாபம் கூடியது; அதை நானே கூட்டிப் போட்டிருக்கிறேன்.' போன முப்பத்து நான்கு பேரின் சம்பளம் காற்றில் கரைந்துவிடவில்லை. அது உங்கள் பேரேட்டிலேயே வேறு தலைப்புக்கு மாறியது. இயந்திரம் யாருடையதோ, அது சம்பாதிப்பதும் அவருடையது. இதில் திருட்டு எதுவும் இல்லை, சட்டமே அப்படித்தான். ஆனால் அந்த நாற்பது பேருக்கும் அந்தக் கணினியில் ஒரு பங்கு இருந்திருந்தால், அது வந்து இறங்கிய நாளை அவர்கள் வேறு முகத்தோடு பார்த்திருப்பார்கள். என் கட்டுரையின் சாரம் அவ்வளவுதான்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பின்னாளில், 1977-ல், நோபல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் 1964-லேயே இந்தக் கவலையை எழுதிவிட்டார். தானியங்கி இயந்திரங்கள் பெருகப் பெருக, உற்பத்தியில் உழைப்பின் பங்கு சுருங்கி உடைமையின் பங்கு வீங்கும். அந்த உடைமை சிலர் கையில் மட்டும் இருந்தால் மற்றவர்கள் அவர்களுக்குப் பணிவிடை செய்து பிழைக்க வேண்டியதுதான். செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று நடக்கும் பேச்சில் பாதி, அறுபது வருடப் பழைய பேச்சு.

பொதுவுடைமை பற்றிய உங்கள் கேள்விக்கு அதிக இடம் வேண்டாம். சோவியத் ஒன்றியத்தில் ஆலை 'மக்களுடையது' என்றார்கள். எந்த மனிதரின் பெயரிலும் ஒரு பங்குகூட இல்லை. ஒரே முதலாளி, அது அரசு. நான் கேட்பது நேர் எதிரானது: முதலாளிகளின் எண்ணிக்கை கூட வேண்டும். முதல் என்பதை ஆள்பவர்தானே முதலாளி? அந்தச் சொல்லில் பெரிய வீடும் தங்கச் சங்கிலியும் எங்கும் இல்லை.

சம்பளமும் வரியும் போதாதா என்றால், இரண்டும் வேண்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வரியாக வாங்கித் திருப்பித் தரும் பணம் ஒருவரைப் 'பயனாளி' ஆக்குகிறது. அரசாங்கப் படிவங்களில் எனக்குப் பிடிக்காத சொல் அது. பயனாளி மனு எழுதி வரிசையில் நிற்க வேண்டும், அடுத்த ஆட்சி வந்தால் மறுபடி நிரூபிக்க வேண்டும். நம் மொழியில் இன்னொரு சொல் இருக்கிறது, பங்காளி. பங்காளி மனு கொடுப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து 'என் பாகத்தைப் பிரி' என்கிறான். அவன் நல்லவனா, ஏழையா, தகுதி உள்ளவனா என்ற பேச்சே எழாது. அரசியல் சிந்தனையாளர் தாமஸ் பெயின் 1797-ல் கேட்டது இதைத்தான். நிலம் ஆதியில் எல்லோருக்கும் பொது. அதைச் சிலர் தமதாக்கிக்கொண்டதற்கு ஈடாக, சொத்து கைமாறும்போது ஒரு பகுதியை வசூலித்துப் பொது நிதி ஒன்றில் போடு. 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டு, 50 வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் 10 பவுண்டு கொடு. இது தருமம் இல்லை, உரிமை என்று அழுத்திச் சொன்னார். பணக்காரருக்கும் கொடுக்கச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். உரிமை என்றால் அப்படித்தான் இருக்க முடியும்.

சரி, கையில் காசே இல்லாதவருக்குப் பங்கு எங்கிருந்து வரும்? நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இதற்கு நல்ல பதில் சொன்னவர் பொருளியலாளர் அல்ல, லூயிஸ் கெல்சோ என்ற சான்பிரான்சிஸ்கோ வழக்கறிஞர். பெரிய சொத்துகள் எப்படி வாங்கப்படுகின்றன என்பதைத் தொழில்முறையில் கிட்டத்தில் இருந்து பார்த்தவர். பணக்காரர் பெரும்பாலும் சேமித்து வைத்துத் தொழில் வாங்குவதில்லை. கடனில் வாங்குகிறார். அந்தத் தொழிலின் லாபமே கடனை அடைக்கிறது. கடன் தீர்ந்ததும் தொழில் அவருடையதாகிறது. உழைப்பவருக்கு மட்டும் 'சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதல் சேர்' என்ற உபதேசம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று சொல்லி வைத்த மொழிக்காரர்களுக்கு இந்த உபதேசத்தின் பெறுமதி தெரியும்.

பணக்காரருக்குக் கிடைக்கும் அதே கடன் வசதியைத் தொழிலாளருக்கும் கொடுங்கள் என்றார் கெல்சோ. கலிபோர்னியாவில் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் உரிமையாளர்கள் வயதாகி விலக நினைத்தார்கள். ஊழியர்களுக்கு அதை வாங்க ஆசை, பணம் இல்லை. 1956-ல் ஊழியர்கள் பெயரில் ஒரு அறக்கட்டளை வைத்து, அது கடன் வாங்கி, நிறுவனத்தின் வருங்கால லாபத்திலிருந்து அடைக்கும்படி கெல்சோ ஏற்பாடு செய்தார். எந்த ஊழியரும் தன் சேமிப்பைத் தொடவில்லை. 1974-ல் இந்த முறைக்கு அமெரிக்காவில் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. இன்று அங்கே 6,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் ஒரு கோடிக்கும் அதிகமான ஊழியர்கள் இந்த வழியில் பங்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் குறை உண்டு. பல நிறுவனங்களில் பங்கு அறக்கட்டளையின் கையில் இருப்பதால், ஓட்டு போடுவதும் அறங்காவலர்தான். ஊழியருக்குப் பங்கு இருக்கிறது, குரல் இல்லை. பெரிய குறை இன்னொன்று. நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவருக்குத்தான் இது. வேலை போன உங்கள் முப்பத்து நான்கு பேருக்கும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும், படிக்கும் பிள்ளைக்கும் இதில் இடமில்லை. அதனால்தான் தொழிலாளி என்ற முறையில் அல்லாமல் குடிமக்கள் என்ற முறையில் பங்கு வேண்டும் என்கிறேன்.

இனி உங்கள் மூன்றாவது சந்தேகம். விற்றுவிடுவார்கள் என்கிறீர்கள். உண்மை. விற்றிருக்கிறார்கள்.

1992 அக்டோபரில் ரஷ்யாவில், அரசு ஆலைகளைத் தனியாருக்கு மாற்றும்போது, 14 கோடிப் பேருக்கு மேல் ஆளுக்கு ஒரு பற்றுச்சீட்டு கொடுத்தார்கள், ஆலைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம் என்று. முகமதிப்பு 10,000 ரூபிள். கைக்குழந்தைக்கும் உண்டு. இந்தச் சீட்டு ஒரு நாள் இரண்டு வோல்கா கார்களின் மதிப்புக்கு வரும் என்று திட்டத்தை நடத்திய அனடோலி சுபைஸ் சொன்னார். அந்த ஒரே ஆண்டில் விலைவாசி 25 மடங்குக்கு மேல் ஏறியது. சேமிப்பு கரைந்து, சம்பளமும் நேரத்துக்கு வராத வீட்டில், சாப்பிட முடியாத ஒரே பொருள் அந்தச் சீட்டு. தெருவில் வாங்குபவர்கள் நின்றார்கள். விற்றார்கள். அப்புறம் 1995-லிருந்து, அரசுக்குக் கடன் கொடுத்த சில வங்கிகள் ஈடாக வைக்கப்பட்ட எண்ணெய், நிக்கல் நிறுவனங்களை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டன. 'மனிதர்களை எனக்குத் தெரியும்' என்று நீங்கள் எழுதியதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடைக்காது.

ஆனால் இதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவோடுதான் நான் முரண்படுகிறேன். அவர்கள் விற்றது ஊதாரித்தனத்தால் அல்ல. பசித்தவன் கையில் கைமாற்றக்கூடிய ஒரு தாளைக் கொடுத்தால் அது கைமாறத்தான் செய்யும். குறை, தாளை விற்கும்படி அச்சடித்ததில் இருக்கிறது.

விற்க முடியாதபடி செய்து பார்த்த இடம் அமெரிக்க மாநிலமான அலாஸ்கா. 1968-ல் அங்கே பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது. அடுத்த ஆண்டு குத்தகை ஏலத்தில் 90 கோடி டாலர் வந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பணம் செலவாகிவிட்டது. எங்கே போனது என்று மக்கள் கேட்டார்கள். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 1976-ன் அரசியல் சாசனத் திருத்தம்: கனிம உரிமத் தொகையில் குறைந்தது 25 சதவீதம் ஒரு நிரந்தர நிதிக்குப் போக வேண்டும், அதன் மூலதனத்தை யாரும் தொடக் கூடாது. 1982-லிருந்து அதன் ஈட்டத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் குடியிருப்போர் எல்லோருக்கும், குழந்தைகள் உட்பட, சமமாகப் போகிறது. முதல் ஆண்டு ஆளுக்கு 1,000 டாலர். பங்கை விற்கவோ எழுதி வைக்கவோ முடியாது. அங்கே இருக்கும் வரை உங்களுடையது.

ஆளுநராக இருந்த ஜே ஹேமண்ட் இதை வெறும் கொடையாக நினைக்கவில்லை. அரசியல்வாதிகள் நிதியில் கைவைக்க வந்தால் தடுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காவல்காரன் வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. 1999-ல், நிதியின் ஈட்டத்தில் கொஞ்சத்தை அரசுச் செலவுக்கு எடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். 83 சதவீதம் பேர் கூடாது என்றார்கள்.

இதன் பக்கத்தில் ஸ்வீடனை வைத்துப் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் லாபத்தில் 20 சதவீதத்தைப் புதிய பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்கு மாற்ற வேண்டும் என்று 1970-களில் தொழிற்சங்கப் பொருளியலாளர் ருடால்ஃப் மைட்னர் ஒரு திட்டம் போட்டார். பங்குகள் தனி மனிதர் பெயரில் அல்ல, தொழிற்சங்கங்கள் நிர்வகிக்கும் கூட்டு நிதியில். நிறைய நீர்த்துப்போன வடிவில் அது 1984-ல் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்துப் பெரிய ஊர்வலமே நடந்தது. ஆட்சி மாறியதும் 1990-களின் தொடக்கத்தில் கலைத்துவிட்டார்கள். காப்பாற்றத் தெருவுக்கு வந்தவர்கள் அதிகம் இல்லை. எப்படி வருவார்கள்? எந்தத் தொழிலாளியும் அதிலிருந்து வந்த ஒரு காசைத் தன் கையில் பார்த்ததில்லை. என் பெயரில் இல்லாத, என் கைக்கு வராத உடைமைக்காக நான் சண்டை போட மாட்டேன். நீங்களும் மாட்டீர்கள்.

அலாஸ்காவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2016-ல் எண்ணெய் விலை விழுந்தபோது ஆளுநர் அந்த ஆண்டுத் தொகையில் ஏறக்குறைய பாதியை வெட்டினார். வழக்கு போட்டார்கள். வெட்டியது செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. மூலதனத்தைச் சாசனத்தில் பூட்டியவர்கள், ஆண்டுத் தொகையைச் சாதாரணச் சட்டத்தில் விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அங்கே தேர்தலில் காசோலை எவ்வளவு என்பதே பெரிய சண்டை, பள்ளிக்கூடங்களுக்கான பணம் அதோடு மல்லுக்கு நிற்கிறது. இனி ஒரு நாடு இப்படி நிதி அமைத்தால் முதல், பலன் இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைக்க வேண்டும். எண்ணெய் இல்லாத நாடு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நிலம், அலைக்கற்றை, கனிமம் எல்லாம் பொதுச் சொத்துதான். மீட் சொன்ன வழியும் இருக்கிறது: நிறுவனங்களின் பங்குகளில் ஒரு பகுதியை அரசு வைத்துக்கொள்ள வேண்டும், நிர்வாகத்தில் தலையிடக் கூடாது, வரும் ஈவுத்தொகையை எல்லோருக்கும் பிரிக்க வேண்டும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். இல்லை, நான் சொல்வது இது அல்ல. அதற்காக வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எதற்குப் பதிலாக என்பதில் கவனம் வேண்டும். 1994-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து 55 சதவீதப் பங்கு வாங்கினார்கள். 2002-ல் நிறுவனம் திவால் மனு போட்டது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தில், ஊழியர்களின் ஓய்வுக்கால சேமிப்பில் பாதிக்கு மேல் என்ரான் பங்குகளாகவே இருந்தது. 2001-ல் அது திவாலானபோது வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போயின. முதலுக்கே மோசம் என்பது அதுதான். கூலி வரும் இடத்திலேயே சேமிப்பையும் வைத்தால் ஒரே தூணில் இரண்டு வீட்டைக் கட்டுகிறோம். சம்பளத்துக்கு மேலே தந்தால் வாங்கிக்கொள்ளட்டும். சம்பளத்துக்குப் பதிலாக என்றால், கையெழுத்துக்கு முன் சிலவற்றைக் கேட்கட்டும். தருவது பங்கா, அல்லது பிறகு ஒரு விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமா? எத்தனை ஆண்டில் முழுதாக அவர் பெயருக்கு வரும்? ஓட்டு உண்டா? நடுவில் வேலையை விட்டால் யார் திரும்ப வாங்குவார்கள், விலையை யார் தீர்மானிப்பார்கள்?

பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வந்ததும் நீங்களே ஒரு தரம் படித்துப் பாருங்கள், 31 வருடக் கணக்கர் ஒருவர் வீட்டிலேயே இருக்கும்போது என்னைக் கேட்பானேன்.

அன்புடன்,
ஆசிரியர்