சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது பெடல் மெல்ல இறங்குகிறது

உங்கள் 2008 மாடல் வண்டியில் பிரேக் பெடல் இறங்குகிறது, மெக்கானிக் பேட் மாற்றச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டரைப் (மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) பாருங்கள். பிரேக் ஆயில் குறையவில்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால், இவ்வளவு பழைய வண்டியில் அதன் உள்ளே ரப்பர் சீல் தேய்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆயில் வெளியே ஒழுகாது; சீலைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும். மெக்கானிக் சொன்னபடி பேட் மாற்றுவது இதற்கு வெட்டிச் செலவு.

சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். இறங்கிக்கொண்டே போனால் சிலிண்டரை மாற்றி, பிரேக் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் அது பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டும் பாகம்) வேலை, கோளாறில்லை.

பின்சக்கர டிரம்மையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் இருக்கும் வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தில் பிரேக் பிடிக்க வைக்கும் பாகம்) லேசாகக் கசிந்தால் வெளியே தெரியாது. சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம், பக்கத்துக் கடைக்குக்கூட.